நல்லவேளை, இடது கை

மார்ச் 4
கடையில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டு போட்டு ஒரு வாரம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "நல்லவேளை, இடது கை" என்கிறார்கள். இடது கை ஏதோ அழகுக்கு வைத்தது போல. நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில், மெழுகில் பதித்த திசுவைச் சீவும்போது வலது கை இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றும், அவ்வளவுதான். வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவலைக் கிழியாமல் ஏந்துவது இடது கை. இதை யாரிடம் சொல்ல? ஆமாம், நல்லவேளை என்று தலையாட்டுகிறேன்.

மார்ச் 6
அக்கா வீட்டுக்காரர் வந்தார். சட்டம் படிக்கவில்லை என்பதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. கடைதான் பொறுப்பு, விடாதே என்றார். காபி பாதி குடித்ததும், நீயும் பார்த்து நடந்திருக்கலாம் என்றார். வாதி, பிரதிவாதி, நீதிபதி — மூவரும் ஒரே நாற்காலியில்.

மார்ச் 11
வக்கீலைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவள். வழக்குக்குக் கை முறிந்தது மட்டும் போதாதாம். கடை கவனக்குறைவாக இருந்திருக்க வேண்டும், அதனால்தான் நான் விழுந்திருக்க வேண்டும், விழுந்ததால் எனக்கு இழப்பு வந்திருக்க வேண்டும்.

"விழுந்ததும் அங்க யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

"பால் பாட்டில் அடுக்கிட்டிருந்தவர்கிட்ட. ஒண்ணுமில்லை, என் தப்புதான், மன்னிச்சுக்கங்கன்னு."

பேனாவை மூடி வைத்தாள். கேமராவில் எல்லாம் இருக்குமாம். முறிந்த கையோடு குனிந்து, உருண்ட பாட்டில்களைப் பொறுக்கிக் கொடுத்ததுகூட. அம்மா வளர்த்த அழகைக் கோர்ட்டே பார்க்கப்போகிறது.

அக்காவிடம் போனில் சொன்னேன். "உன் காலை மிதிச்சவன்கிட்டயும் நீதாண்டி சாரி கேப்ப."

மார்ச் 12
உண்மையிலேயே என் தப்பா?

மார்ச் 20
வக்கீலோடு கடை மேலாளரைப் பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்ட காட்சியை இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். பிறகு, தாங்கள் எவ்வளவு கவனமானவர்கள் என்று விளக்கினார்.

"அந்தக் குளிர்பெட்டி ரொம்ப நாளா ஒழுகுதுங்க. அதான் தினமும் அட்டைப்பெட்டியைப் பிரிச்சுக் கீழ போட்டுடறோம்."

"தினமுமா?" என்றாள் வக்கீல், மிக மெதுவாக.

"ஒரு நாள் தவறினதில்லை."

ஊறிப்போன அந்த அட்டைதான் என் காலோடு வழுக்கிக்கொண்டு போனது. ஒழுகுவது தெரியும், பழுது பார்க்கவில்லை, வழுக்குவதற்கு வசதியாக ஒன்றை விரித்தும் வைத்தார்கள். என் பக்கம் இவ்வளவு நன்றாக இதுவரை யாரும் பேசியதில்லை.

படியிறங்கும்போது வக்கீல் சொன்னாள்: "நீங்க மரியாதைக்குச் சொன்னது அந்த ஒழுகலை அடைச்சிடாது மேடம்."

ஜூன் 17
கட்டுப் பிரித்து, பயிற்சியெல்லாம் செய்து பார்த்தாயிற்று. மணிக்கட்டு இதற்குமேல் திரும்பாது, நுணுக்கமான வேலைக்கு ஆகாது என்றார் மருத்துவர். வக்கீலுக்குச் சொன்னேன். "நல்லது" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "அய்யோ" என்றாள். கை தேறினால் வழக்கு நோஞ்சான். வழக்கு தேற வேண்டுமென்றால் — சே. எதை வேண்டிக்கொள்வது நான்?

செப்டம்பர் 2
கடை பொறுப்பை ஒப்புக்கொண்டது. இழப்பீடு தருகிறார்கள். தான் அன்றைக்கே சொன்னதாக அக்கா வீட்டுக்காரர் ஊரெல்லாம் போன் போடுகிறார். பாதிக் காபிக்கு முன் சொன்னதா, பின் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் எனக்கு இனிப் பதிவு மேசை வேலையாம். என் பொருள்களை எடுக்கப் போனேன். சீவும் இயந்திரத்தின் முன்னாலிருந்த என் நாற்காலியை யாரோ தன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

நான் அதை இறக்கவில்லை.