முகம் நனையாத இரண்டு மருமகன்கள்

சகலை,

இந்தத் தீபாவளிக்கு ஆண்டிமடத்துக் கொல்லையில் நம் மாமியார் வழக்கம்போல இரண்டு மணை போட்டுவிட்டார். எண்ணெய்க் கிண்ணம், கரைத்த சீயக்காய், புகை மணக்கும் வெந்நீர் எல்லாம் தயார். போட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒன்றை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே அடுப்பில் விறகைத் தள்ளிவிடும் சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் என் மணையில் உட்கார்ந்து உங்கள் மணையைப் பார்த்தேன். சீயக்காய் வாசனை மூக்கில் ஏறியதும் அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

இதே கொல்லையில்தானே என்னைப் பிடித்தீர்கள்! அதுவரை என் குளியல் எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கழுத்துவரை தாராளமாக ஊற்றிக்கொள்வேன். தலைக்கு ஊற்றும்போது வானத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகச் சரித்துவிடுவேன். முகத்துக்கு ஈரத் துண்டு. தண்ணீர் முகத்தை மூடினால் அவ்வளவுதான், உயிர் போய்விடும் என்று ஒரு நினைப்பு. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தேன் என்று ஒரு காரணம் சொன்னால் கௌரவமாக இருக்கும். விழவில்லை. கிணற்றுப் பக்கமே போகாதவன் எங்கே விழுவது?

நீங்கள் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "என்ன சகலை, கோழி தண்ணி குடிக்கிற மாதிரி குளிக்கிறீங்க?"

"கண்ணுல சீயக்கா பட்டா எரியுதுங்க."

"சீயக்கா இன்னும் சொம்புலதான இருக்கு!"

பிடிபட்டேன். அடுத்த தெருவரை கேட்கும் குரல் உங்களுக்கு. பெரம்பலூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடையில், ஓடுகிற மோட்டாரை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. அன்று சாயங்காலத்துக்குள் குடும்பமே சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். நீங்களோ குரலைத் தாழ்த்தி, "கறிக்கொழம்புல ஈரல் எனக்கு. வாயைத் தொறக்க மாட்டேன்" என்றீர்கள். மூன்று தீபாவளிகள் என் ஈரலைத் தின்றீர்கள், சகலை. இலையில் மாமியார் வைத்ததை நான் உங்களுக்குத் தள்ளிவிட, "பெரிய மாப்புள மேல சின்ன மாப்புளைக்கு எவ்வளவு பாசம்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஈரலோடு போயிருந்தால் நான் இன்றைக்கும் கோழிதான். என் பெண்ணுக்கு வரன் தள்ளிக்கொண்டே போனதால் என் மனைவி ஒரு வேண்டுதல் வைத்தாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் ஆடிப் பதினெட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்துக் கொள்ளிடத்தில் முழுக வேண்டும். முழுகப்போகிறவர்களில் பாதி நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி உடனே கேட்டுவிட்டது. கல்யாணமும் முடிந்துவிட்டது.

"நீ முழுகு. நான் பையைப் பாத்துக்கறேன்" என்றேன். ஆறு, குளம், கடல் எங்கே போனாலும் நான் சொல்வது அதுதான். கரையில் பைகளுக்கு நடுவே நான் உட்காரும் அழகைப் பார்த்து, எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று மெச்சியவர்கள் உண்டு. அன்றைக்கு அவள் விடுவிடென்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் உங்களிடமிருந்து போன்.

"சகலை, ஒங்க வூட்டம்மா அவுங்க அக்காகிட்ட அழுதிருக்கு. நாலு பேரு முன்னால ஏங்கையப் புடிக்க அவுருக்குக் கேவலமா இருக்குன்னு. என்னைக்குமே எங்கூட எறங்குனதில்லன்னு. தண்ணிக்குப் பயம்னு சொல்லித் தொலைங்களேன்."

"எப்படிங்க சொல்றது? அரியலூர்ல ஆபீஸ்ல நாப்பது பேரு எனக்குப் பயப்படுறாங்க."

"அப்ப வாங்க. பழகிருவோம்."

முந்திரி பொறுக்கும் நாட்களில், மாமனார் தோப்பில் உள்ள மோட்டார் தொட்டியில் பாடம் தொடங்கியது. இடுப்பளவு தண்ணீர். அதில் வழுக்கைத் தலையோடும் தொப்பையோடும் எதிரெதிரே இரண்டு மருமகன்கள். முதல் நாள் உதடு மட்டும், அப்புறம் தாடை, அப்புறம் மூக்கு. மூக்கு நனைந்ததும் நான் தொட்டியை விட்டே எழுந்து ஓடினேன். நீங்கள் துரத்தவில்லை. தள்ளவுமில்லை. தொட்டிச் சுவரில் சாய்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தண்ணி எங்கயும் போயிராது. மெதுவா வாங்க" என்றீர்கள்.

அப்புறம் அந்த மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள். "மூச்சை அடக்காதீங்க. வாயை மூடிக்கிட்டு, மோட்டார் ஓடுற மாதிரி ம்ம்ம்முன்னு முனகுங்க. முனகுற வரைக்கும் மூக்குல தண்ணி ஏறாது. நானும் கூட முனகுறேன்."

முனகினோம். கன்னம் இறங்கியது, நெற்றி இறங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து முனகியதில் தொட்டித் தண்ணீரே அதிர்ந்தது. முந்திரி மரத்தடியிலிருந்து மாமியார் கத்தினார்: "கரண்டே இல்லியே, மோட்டாரு எப்புடி ஓடுது?"

அப்போதுதான் சகலை, எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துவிட்டேன். பச்சையாகக் கலங்கிய வெளிச்சம். எனக்கு நேர் எதிரே என் வாத்தியார் முகம். கண்ணை இறுக்க மூடி, மூக்கை இரண்டு விரலால் கெட்டியாகப் பிடித்து, ஊசி போட்டுக்கொள்ளப்போகிற குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு!

எழுந்ததும் கேட்டேன். "சகலை, நீங்க எப்பக் கண்ணைத் தொறப்பீங்க?"

முகத்தை வழித்துக்கொண்டே இருந்தீர்கள். வழிக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகு, "பாத்துட்டீங்களா" என்றீர்கள். ஊரெல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவருக்குத் தண்ணீரென்றால் நடுக்கம். முனகுவதெல்லாம் ராத்திரி செல்போனில் வீடியோ பார்த்துப் படித்த பாடம். "நீச்சல் தெரிஞ்சவன்கிட்டப் போயிருந்தா ஒங்களைத் தூக்கி உள்ள போட்டுருப்பான் சகலை. பயந்தவன்தான் மெதுவாச் சொல்லிக்குடுப்பான்."

"அப்ப என் ஈரல்?"

"அது வேற கணக்கு."

மறுபடி முங்கினோம். இந்தத் தடவை நீங்களும் கண்ணைத் திறந்தீர்கள். தண்ணீருக்குள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அதற்கு மேல் எங்கே முனகுவது? சிரிப்பு வந்து தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடித்தோம்.

ஆடிப் பதினெட்டன்று கொள்ளிடத்தின் திருமானூர்க் கரையில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். படியோரம்தான், இடுப்பளவுதான். முனகிக்கொண்டே முழுகினேன். எழுந்ததும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தனை வருஷமா பையைக் கட்டிக்கிட்ட ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். கையை மட்டும் விடவில்லை. அப்புறம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "இதுக்கா என்னைய அழவுட்டீங்க?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். கரையைப் பார்த்தேன். இரண்டு குடும்பத்துப் பைகளுக்கும் நடுவில் நீங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்புகளை வரிசையாக அடுக்கி, என்ன பொறுப்பு!

"வாங்க சகலை!"

"தொட்டி வேற, ஆறு வேறங்க. அடுத்த ஆடிக்கு நான் எறங்குறேன், நீங்க பையப் பாத்துக்குங்க."

அந்த ஆடி வருவதற்குள் ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். பை பார்த்துக்கொள்ளும் முறையை எனக்குக் கொடுக்காமலே போய்விட்டீர்கள்.

மாமியார் அடுப்பிலிருந்து திரும்பி வந்து உங்கள் மணையை எடுக்கக் கை நீட்டினார். "இருக்கட்டும் அத்தை" என்றேன். என் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, துண்டு, செல்போன் எல்லாவற்றையும் கழற்றி அந்த மணையின் மேல் வைத்தேன். "பாத்துக்குங்க சகலை" என்று சொல்லிவிட்டு வாளியில் முகத்தை முக்கினேன். கண்ணைத் திறந்துகொண்டுதான். ம்ம்ம்.