பச்சைத் தாவணியை யார் பார்த்தது

பிள்ளைப்பாக்கம்
23.8.2014, சனிக்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் ரகுபதிக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொள்கிறேன். கங்கம்மாள் மகன் நாளைக்கு ராத்திரி பிளேன் ஏறுகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், முதலில் கடிதத்தைப் படி. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் வாயைத் திறந்ததும் எல்லாம் எனக்குத் தெரியும் நீ வை என்று சொல்லி வைத்துவிட்டாய். உனக்கு எல்லாம் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் மகன் லோகேஷ் கூடத்தில் நின்று தன் தங்கச்சி கலைமதியின் போனில் இருந்ததை உனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தானே, பேஸ்புக்கில் அருள்பாண்டி என்று ஒரு தூத்துக்குடிப் பையன், வல்லம் வடகாலில் கம்பெனி வேலையாம், ஒரு மாசமாக எழுதுகிறானாம். கலைமதி முதலில் யார் நீங்க என்று கேட்டதோடு சரி, பதிலே போடவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்று அவன் எழுதின பிறகுதான் அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். அப்புறம் ஷிப்ட் முடிஞ்சு பேசறேன் என்று சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறாள். நான் மறைக்கவில்லை, அவளுக்கும் பேச ஆசை இருந்தது, என்னிடம் அவளே சொன்னாள். இதுக்குத்தான் அவள் வேலையை நிறுத்து, அடுத்த வாரம் திங்கட்கிழமை வாலாஜாபாத் வரன் வீட்டாரை வரச்சொல்லு என்று நீ சொன்னாய். உன் சம்சாரம் அவள் போனைத் தரையில் அடித்து உடைத்தாள். பெண் ஆறு நாளாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், அடுத்த மாசம் கம்பெனியில் அவளை லைன் லீடர் ஆக்குகிறதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

லோகேஷ் படித்ததில் ஒரு வரி எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு உன்னைப் பச்சைத் தாவணியில் பார்த்தேன், அதிலிருந்து தூக்கமில்லை என்று அந்தப் பையன் எழுதியிருக்கிறான். அன்றைக்கு இவள் வல்லக்கோட்டைக்குப் போனது சுடிதாரில். தாவணியைக் கட்டிப் பார்த்தாள், முந்தியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை தெரிந்தது, அவிழ்த்து வைத்துவிட்டாள். அதில் அவளைப் பார்த்தது நான், உன் சம்சாரம், லோகேஷ் மூன்றே பேர். கதவு சாத்தி இருந்தது.

புதன்கிழமை லோகேஷ் சாப்பிடும்போது மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டேன், வாயில் சோறு இருக்கிறவனுக்கு உடனே பொய் வராது. அருள்பாண்டி நீதானேடா என்றேன். மென்று விழுங்கிவிட்டு, தங்கச்சி எப்டி கீறான்னு பாத்தேன் பாட்டி, எங்க செட்டுல பசங்க அல்லாரும் இப்டித்தான் தங்கச்சிங்கள செக் பண்றாங்க என்கிறான். நீ ஆறு பெண்ணோடு பேசுகிறாயே அவர்களும் யாருக்கோ தங்கச்சிதானே என்றேன். அத்த அவங்க அண்ணன் பாத்துக்கணும் பாட்டி, இன்னும் ஒரு துண்டு வை என்றான். பெற்ற தாயை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பொய் எழுதினவன் அவன், அதுக்கு இரக்கப்பட்டவள் குற்றவாளி. பொங்கலுக்கு நீ வந்தபோது காஞ்சிபுரத்துப் பெண்ணின் போட்டோவை அவன் காட்டினான், எவடா அவ செவப்பா கீறா என்று நீ அவன் தோளில் தட்டினாய். உன் சம்சாரம் எம்புள்ளய சுத்தி எத்தினி பேரு பாரு என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். நான் முறுக்கு பிழிந்துகொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் படிப்பு ஆறாவதோடு ஏன் நின்றது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பத்தாவது படிக்கிற ஒருத்தன் என் புத்தகத்துக்குள் சீட்டு வைத்தான், நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் அண்ணன் என் புத்தகங்களை அடுப்பில் போட்டான். சீட்டு வைத்தவன் மேலே படித்து கரெண்டு ஆபீசில் உத்தியோகம் பார்த்து இன்றைக்கும் பென்ஷன் வாங்குகிறான், கல்யாண வீடுகளில் முன் நாற்காலியில் உட்காருகிறான். அண்ணன் செத்தபோது நீ வந்து கூப்பிட்டாயே, எனக்கு மயக்கமாக இருக்கிறது என்றேனே, எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

கலைமதியின் கம்பெனி அட்டையைத் தூக்கிப் போடச்சொல்லி உன் சம்சாரம் என்னிடம்தான் கொடுத்தாள், அது என் இடுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடியக்காலை அதை அவள் கழுத்தில் மாட்டி கம்பெனி பஸ் வரைக்கும் நானே கூடப் போவேன். நீ இதைப் படிக்கும்போது அவள் லைனில் நிற்பாள். வாலாஜாபாத்துக்காரர்கள் வந்தால் பெண் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன்.

மாத்திரையை விடாமல் போட்டுக்கொள், வெயிலில் தலைக்குத் துண்டு கட்டு. நீண்ட ஆயுசோடு நோய்நொடி இல்லாமல் இரு. ஒன்றை மறக்காதே, அந்த அருள்பாண்டி யார் என்று கலைமதிக்கு இன்னும் தெரியாது, அவனுடைய அம்மாவுக்கு உடம்பு தேவலையா என்று நேற்றும் என்னிடம் கேட்டாள். லோகேஷை அவன் வாயாலேயே சொல்லச் சொல், நீயும் போனில் அவளிடம் ஒரு வார்த்தை பேசு. உன் மகளுக்கு என் ஞாபகசக்தி அப்படியே வந்திருக்கிறது, எதையும் மறக்க மாட்டாள்.

இப்படிக்கு
உன் அம்மா
முனியம்மாள்