புளிச்சக்கீரை வழக்கு

ஜூன் 4, செவ்வாய்
விடாத மழை. வெள்ளவத்தைச் சந்தியில் ஆமி செக்கிங். பள்ளிக்கு அரை மணி தாமதம்.
பள்ளி கூட்டும் லெட்சுமி வகுப்பு வாசலில். அழுத முகம். ஞாயிறு பொலிஸ் சுற்றிவளைப்பில் அவள் கணவன் ராசுவைப் பிடித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னால் கஞ்சா வளர்த்தானாம்.
"அது புளிச்சக்கீரைங்க டீச்சரம்மா. தேயிலத் தோட்டத்துலருந்து வெத கொண்டாந்து போட்டது. நீங்க செடி பாடந்தானே படிச்சுக் குடுக்குறீங்க. கோட்டுல வந்து சொல்லுங்க."
நான் கஞ்சாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஓம் என்றேன்.

ஜூன் 5, புதன்
வெயில். பால்மா வாங்க மறந்தேன். பல்கலைக்கழகத்து நோட்ஸ் தேடி எடுத்தேன்.
கஞ்சா: விரல் போன்ற சிற்றிலைகள், காம்புவரை தனித்தனி. கீழே இலைகள் எதிரெதிர், மேலே மாறிமாறி. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூவில் இதழ் இல்லை, மகரந்தம் காற்றில். உதிர்த்ததும் ஆண் பட்டுவிடும். விதை முற்றும்வரை பெண் நிற்கும்.
புளிச்சை: இலை பிளந்தது, அடியில் ஒட்டியது. தண்டில் சிறு முள். மஞ்சள் பூ, ஆணும் பெண்ணும் ஒரே பூவில்.
தூரத்தில் பார்த்தால் யாரும் ஏமாறலாம்.

ஜூன் 7, வெள்ளி
புதுக்கடை நீதிமன்றம். ராசுவின் லோயர் நல்ல மனிதர், மருதானை முஸ்லிம். "பயப்படாதீங்க டீச்சர். தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."
பொலிஸ் கொண்டுவந்த சாக்கில் காய்ந்த செடிகள். ஒரு மொட்டு கிடைத்தது. பிரித்தேன். உள்ளே சுருண்ட மஞ்சள் இதழ். சிங்களத்தில் விளக்கினேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தார். வழக்குத் தள்ளுபடி. கூண்டில் ராசு கும்பிட்டான். லெட்சுமி என் கையை விடவில்லை.
வாசலில் சிவில் உடுப்பில் இருவர். அடையாள அட்டை எங்கே என்றார்கள். ராசுவுக்கு அட்டையே இல்லை. ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அவசரகாலச் சட்டமாம்.
லோயர் என்னைப் பார்க்கவில்லை. "கஞ்சா கேஸ் எண்டா பெயில் எடுத்திருக்கலாம் டீச்சர். இதுக்கு ஒண்டும் செய்யேலாது."
பஸ்ஸில் ஏறாமல் பொரளைவரை நடந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்
மறுபடி மழை. லெட்சுமி வேலைக்கு வந்தாள். ராசுவைத் தேடி மூன்று ஆமி முகாம் ஏறி இறங்கினாளாம். அப்படி ஒருவரும் இல்லை என்றார்களாம்.
வராந்தாவைக் கூட்டிக்கொண்டே கேட்டாள், கோபமில்லாமல்: "கஞ்சான்னு சொல்லியிருந்தா இங்கன ஜெயில்லயாவது இருந்திருப்பாரு, இல்லீங்களா டீச்சரம்மா?"
மணி அடித்தது. வகுப்புக்குள் போய்விட்டேன்.