அவிழ்க்கச் சொன்ன பிறகு

தயாளனுக்கு,

உன் மனைவி தேன்மொழி ஸ்ரீரங்கத்தில் என்னோடு இருக்கிறாள். படுக்கையில் கையைக் கட்ட முதலில் அவளும் சம்மதித்தாளாம். அது உங்கள் அந்தரங்கம், நான் கேட்கவில்லை. "வலிக்குது, அவுத்து விடுங்க" என்று அழுதபோது ஏன் அவிழ்க்கவில்லை என்றுதான் கேட்டேன். "நாங்க பார்த்த படத்துல ஹீரோயினும் இப்படித்தாம்மா அழுவா, அப்புறம் சிரிப்பா" என்று போனில் எனக்கே பாடம் எடுக்கிறாய்.

அந்தப் படத்தை நானும் முழுக்கப் பார்த்தேன். அவள் சிரிக்க வேண்டும் என்று எழுதியவன் சிரிக்க வைத்தான். காட்சி முடிந்ததும் கயிற்றை அவிழ்க்க அங்கே நாலு பேர் இருந்திருப்பார்கள். உங்கள் மன்னார்புரம் வீட்டில் அன்று இவளுக்கு உன்னைவிட்டால் யார் இருந்தார்கள்?

"நேர்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்கிறாய். வரலாமா என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் பேசாமல் இருந்தால், வராதே என்று பொருள்.

உன்னைப் பெற்றவள்