மதர்போர்டில் சந்தனப் பொட்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

என் முதல் கேமிங் கம்ப்யூட்டர். பட்ஜெட் இடித்ததால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கி, மதர்போர்டை மட்டும் நல்லதாக எடுத்திருந்தேன்.

இன்று பிராசஸரைப் பொருத்த, மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட்டின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் என் நைனா, மலைக்கோயில் சந்தனத்தைக் குழைத்து, சாக்கெட்டுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற பின்களின் மேலேயே அழுத்திப் பொட்டு வைத்திருந்தார்.

"புது சாமானாச்சே. டிராக்டருக்கு வெக்கல?" என்றார்.

துடைத்துப் பார்த்தால் பின்கள் வளைந்திருந்தன. கடைக்குப் போன் போட்டேன். "பின்னு வளைஞ்சா வாரண்டி கெடையாதுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

நைனாவுக்கு எதுவும் புரியவில்லை. "எப்படா ஓடும்? பாத்துட்டுத் தூங்கலாம்னு உக்காந்துகினு இருக்கேன்" என்றார்.

நாளைக்கு என்றேன். வேறு எவனாவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.