பார்சல் வேணாண்ணா

அன்புள்ள அத்தாவுக்கு,

நிகத்தின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? நான் நலம்.

சனிக்கிழமை மாலை, சாப்பிட்டுக்கொண்டே தாம்பரத்தைச் சுற்றிப்பார்க்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். ரயில்வே பாலம், மார்க்கெட் எல்லாம் பார்த்தோம். கடைசியாக எங்கே கூட்டிப்போனார்கள் தெரியுமா? நான் தினமும் இட்லி வாங்கும் தள்ளுவண்டிக்கு! என்னைப் பார்த்ததும் வண்டிக்கார அண்ணன் வழக்கம்போல இலையை மடித்தார்.

“பார்சல் வேணாண்ணா, இங்கயே சாப்பிடுறேன்.”

“இன்னாம்மா, இன்னிக்கி ஆளுங்களோட வந்துகீற!” என்று சட்னியைத் தாராளமாக ஊற்றினார். பயப்படாதீர்கள், வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

அந்தக் குழுவில் பழக்கமான மிருதுளா, சிட்லபாக்கத்துப் பெண், அடுத்த மாதம் என் அறைக்குச் சாப்பிட வருகிறாள். பூப்போட்ட தட்டு ஜோடியில் ஒன்றைத்தான் எடுத்து வந்தேன். மற்றதையும் அனுப்புங்கள். குக்கர் கத்துகிறது, ஓடுகிறேன்.

உங்கள் நிகத்