வியாழக்கிழமை பதினொரு மணி, உறுப்பினர் அவையில் இல்லை

இன்று காலை கம்பெனி பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது ஒரு பிடி நுரை ஜன்னல் வழியாகப் பறந்து வந்து என் சட்டைக் கையில் உட்கார்ந்தது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் இப்படித்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டிரைவர் கன்னடத்தில் ஒரு வசவை உதிர்த்துவிட்டு வைப்பரைப் போட்டார். நான் கைக்குட்டையால் துடைத்தேன். நுரை போயிற்று, நாற்றம் போகவில்லை. பகல் முழுக்கக் கை மூக்கருகே வரும்போதெல்லாம் உன் நினைவு வந்தது. சிநேகிதனை நினைக்க இதுதானா கிடைத்தது என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது, கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் உன் இரண்டு ஏக்கரிலும் இதே வாடை, அங்கே தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஷிஃப்டுக்கு வரும் உன் மேலும் இதே வாடை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து உன் ஃபைலை எடுத்தேன். உன் வீட்டுக்காரி அதை என் கையில் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் கட்டிய நாடாவை அவிழ்க்காமலே வைத்திருந்தேன். இன்று அவிழ்த்தேன்.

உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. நம் எம்.பி.யை நீ இன்ஸ்பெக்‌ஷன் செய்த தாள்கள். போன தேர்தல் முடிந்த சில மாதத்தில் கட்சிக்காரர்கள் உங்கள் ஊருக்கு வந்து, எம்.பி. உங்களுக்காக டெல்லியில் ஓயாமல் பேசுகிறார் என்றார்களாம். “எங்க எழுதி இருக்குது?” என்று நீ கேட்டாய். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நீ சிரிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

“பாய், பார்லிமென்ட் சைட்ல எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கான் பாய். எத்தினி நாள் வந்தாரு, என்னா கேட்டாரு, எதுக்கு ஓட்டுப் போட்டாரு, எல்லாம் கீது. நாமதான் பாக்கறதில்ல.”

அன்றிலிருந்து பிடித்தது உனக்குப் பைத்தியம். கம்பெனியில் பிரேக் பாகங்களுக்கு நாம் போடும் அதே செக் ஷீட். அதே கட்டங்கள். கண்டது, முடிவு, காரணம், கடைசியில் ஆய்வாளர் கையெழுத்து. பாகத்தின் பெயர் எழுதும் இடத்தில் எம்.பி.யின் பெயர். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, டீ நேரத்தில் எனக்குப் படித்துக் காட்டுவாய். நான் பாதி கேட்பேன், பாதி பிஸ்கட் நனைப்பேன்.

சட்டங்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன, அதில் யார் எந்தப் பக்கம் கத்தினார்கள் என்று எந்தப் பதிவும் கிடையாது என்று தெரிந்த அன்று உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! “நாம ஒரு சின்ன பிரேக் புஷ்ஷக்கூட காதால கேட்டு பாஸ் பண்ண மாட்டோம் பாய். கேஜ் வச்சு அளந்துதான பாக்கறோம்?” பெயர் பெயராகப் பதிவாகும் வாக்கெடுப்பு எப்போதாவது நடக்கும். அதற்கு நீ காத்துக் கிடப்பாய். நடந்த அன்று பட்டியலில் நம் ஆள் பெயர் இருக்காது. ஆனால் அதே நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். “பஞ்ச் பண்ணிட்டு கேண்டீனுக்குப் போயிட்டான்” என்று சொல்லி, பழுதான பாகத்துக்கு ஒட்டும் சிவப்புச் சீட்டை நீ அந்தத் தாளில் ஒட்டினாய். நம் கம்பெனியில் யாராவது அப்படிச் செய்தால் மறுநாளே மெமோ.

உனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஒரு முறை டீக்கு ஓடும் அவசரத்தில் நான் ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன். காலியாக இருந்தால் பழுதில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஷிஃப்ட்காரர் அந்தப் பாகங்களின் பெட்டியை அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. நம் வேலையில் இருப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. நீ என்னைத் திட்டவில்லை. “காலிக் கட்டம்தான் பாய் பெரிய பொய்யி” என்றாய், அவ்வளவுதான்.

இந்தத் தாள்களால் உனக்கு ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. மாநில எல்லை தாண்டி வரும் இந்த நுரைத் தண்ணீரைப் பற்றி நம் எம்.பி. சபையில் எழுந்து நின்று கேட்க வேண்டும். உன் வயலில் ரோஜாச் செடிகளின் இலை கருகுவதையும், கால்வாயில் காலை வைத்தால் உன் மனைவிக்கு முழங்கால்வரை அரிப்பதையும் நீ மனுவில் எழுதினாய். அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகப் போடுங்கள் என்று நாலு முறை அவர் ஆபீஸ் படி ஏறினாய். அப்படிப் போட்டால், கேட்டவர் எழுந்து இரண்டு துணைக் கேள்விகளால் அமைச்சரை மடக்கலாம். அந்த இரண்டையும் நீயே எழுதிக் கொடுத்தாய். எல்லையில் தண்ணீரை அளப்பது யார்? அளந்ததை நாங்கள் எங்கே பார்ப்பது? அவ்வளவுதான் கேள்வி. கேட்டவர் சபையில் இல்லாவிட்டால் அச்சடித்த பதிலோடு சரி. இதை எனக்கு நீ எத்தனை தடவை விளக்கியிருப்பாய்! எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இன்று அருவருப்பாக இருக்கிறது.

என் மூத்த மகளின் நிக்காஹ் வந்தது. இந்தத் தொகுதியில் எம்.பி. என்றால் நமக்கு என்ன கணக்கு? காதுகுத்துக்கு வர வேண்டும், கல்யாணத்துக்கு வர வேண்டும், சாவுக்கு மாலை போட வேண்டும். வராவிட்டால், ஜெயித்த பிறகு மூஞ்சியே காட்டவில்லை என்போம். வந்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு நம்ம ஆள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, எம்.பி. வருவது உறுதியானது. சம்பந்தி வீட்டார் முன்னால் என் தலை ஒரு சாண் உயர்ந்தது.

நிக்காஹ்வுக்கு மூன்று நாள் முன்னால் நீ வீட்டுக்கு வந்தாய். கையில் மடித்த காகிதம். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எம்.பி. வர்றாருப்பா! நம்ம வீட்டுக்கு!”

“வியாழக்கிழமையா பாய்? காலைல பதினோரு மணிக்கா?”

“ஆமாப்பா. நிக்காஹ் நேரத்துக்கே வர்றன்னு சொல்லிட்டாரு.”

நீ காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். டீயைக் கடைசிவரை குடித்தாய். “சரி பாய். பொண்ணு நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாய். அது என்ன காகிதம் என்று நான் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை அவர் வந்தார். இருபது பேரோடு, பட்டாசோடு. மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் தம்பிக்குச் சால்வை போட்டார். என் மகளின் பெயரை மூன்று விதமாகச் சொன்னார், மூன்றும் தப்பு. பந்தியில் உட்கார்ந்து எலும்பில்லாத கறியாகக் கேட்டு வாங்கினார். கூட வந்தவர்கள் பார்சலும் கட்டிக்கொண்டார்கள். நான் அவர் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன், பல்லெல்லாம் தெரிய. நீ மட்டும் மண்டபத்தின் கடைசி நாற்காலியில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். படம் எடுக்க மேடைக்கு வா என்று மூன்று முறை கையாட்டிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், மறுபடி குனிந்துகொண்டாய்.

எனக்குச் சுருக்கென்றது. பொறாமை என்று நினைத்தேன். உன்னையா அப்படி நினைத்தேன் என்று இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அதற்கப்புறம் உன்னோடு டீ குடிப்பதை நிறுத்தினேன். ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கெலவரப்பள்ளித் தண்ணீருக்காக நாடாளுமன்றத்தில் முழங்கிய சிங்கமாம். நான் அதைப் படம் எடுத்து, “பாத்தியா? கேட்டுட்டாரு” என்று உனக்கு அனுப்பினேன். மறுநாள் நீ சொன்னது ஒரே வரி. “போர்டு நல்லா அடிச்சிருக்காங்க பாய்.”

போன ஆடியில் உன் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டாய். நான் ஓடி வந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். காலில் காய்ந்த நுரை அப்படியே இருந்தது. மத்தியானம் ஒரு கார் வந்தது. எம்.பி.தான். ஆள் உயர மாலை. அதை உன் மேல் வைத்துவிட்டு, படம் சரியாக விழவில்லை என்று கூட இருந்தவன் சொன்னதும் எடுத்து மறுபடி வைத்தார். உன் மனைவி அழுத முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, இன்னைக்கு டெல்லில சபை நடக்குதுல்ல? இவரு இங்க என்னா பண்ணிகினு இருக்காரு? எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா கேட்டிருப்பாரு.”

செத்த பிறகும் உன்னை வைத்து ஒரு லீவு எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

இன்று உன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். உன் எழுத்து சாயாமல், கட்டத்தைத் தாண்டாமல் இருக்கிறது. என் மகளின் நிக்காஹ் நடந்த வியாழக்கிழமையின் தாள் வந்தது. கெலவரப்பள்ளித் தண்ணீர்க் கேள்வி, பட்டியலில் மூன்றாவது இடம். அழைக்கப்பட்டது. உறுப்பினர் அவையில் இல்லை. துணைக் கேள்விகள் கேட்கப்படவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். முடிவு, ரிஜெக்ட். ஓரத்தில் பென்சிலால், “எம்.பி.யின் உதவியாளரிடம் முன்னாடியே சொன்னேன், பார்த்துக்கலாம் என்றார்.” பின்னால் அமைச்சரின் அச்சடித்த பதில். யாருடைய வேலையும் இல்லை என்பதைப் பணிவாகச் சொல்லும் பதில். அதனுடன் நான்காக மடித்த ஒரு காகிதம், அந்த வியாழக்கிழமையின் கேள்விப் பட்டியல். அன்று என் வீட்டில் நீ பைக்குள் வைத்துக்கொண்டது.

மண்டபத்தில் நீ பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். செல்போனில் தெரியும் சபையில் அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அவர் உன் கண்ணெதிரே என் மகளின் மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

‘காரணம்’ என்ற கட்டத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. மற்ற தாள் எல்லாவற்றையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்தக் கட்டம் காலியாக இல்லை. உனக்குக் காரணம் தெரியாதா? பிரியாணி சாப்பிட்டுக் கைகழுவிய காரணம். எழுதினால் அதில் என் பெயர் வரும் என்று விட்டுவிட்டாய். நான் உன்னோடு டீ குடிக்காமல் இருந்த அந்த மாதங்களில்கூட எழுதவில்லை. என் மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு எப்போதும் வந்ததில்லை. அந்த ஆளை ஒரு தட்டில் வை, என்னை ஒரு தட்டில் வை, பெரிய வித்தியாசம் இருக்காது. அவர் வேலையை விட்டு வந்தார். வரச் சொல்லிக் கெஞ்சியவன் நான்.

ஃபைல் மடியில் இருக்கும்போதே, மூத்தவள் நிக்காஹ்வுக்கு நான் பிடித்த அந்தப் பழைய கட்சிக்காரர் உள்ளே வந்தார். இளையவளுக்குத் தேதி குறித்திருப்பது அவருக்குத் தெரியும்.

“பாய், ஜமாய்ச்சுடலாம். தலைவரக் கூட்டிகினு வந்துடறன். பத்திரிகைல பேரு மட்டும் பெருசா போடுங்க.”

“அன்னைக்கு சபை இருக்குதா?” என்று கேட்டேன்.

“என்னா சபை?”

“டெல்லில.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தார். எம்.பி., நான், என் மகள், சால்வையோடு மாப்பிள்ளையின் தம்பி. “அதெல்லாம் நமக்கு எதுக்கு பாய்?” என்றார்.

“எனக்கு வேணும். சபை இருந்தா அவரு வரக் கூடாது. வந்தா பந்தில உக்கார வைக்க மாட்டன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் படத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு பேனாவை எடுத்தேன். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது கோணல்தான், பொறுத்துக்கொள். காலிக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: “உறுப்பினர் ஓசூரில், என் மகள் நிக்காஹ்வில் இருந்தார். அழைத்தவன் நான்.” கீழே என் முழுப் பெயரைப் போட்டேன்.

உன் கடைசித் தாளுக்குப் பின்னால் ஒரு புதுத் தாள் வைத்து உன் சாவு நாளையும் பதிந்திருக்கிறேன். உறுப்பினர் அவையில் இல்லை, காரணம், மாலை போட வந்திருந்தார். நாளைக்குச் சபை கூடுகிறது. சாயங்காலம் பஸ்ஸில் உன் சீட்டில் உட்கார்ந்து, அவர் வந்தாரா என்று நான்தான் பார்க்கப்போகிறேன்.